145 கிலோமீட்டரும் 12 காரணங்களும்

ஃபுளோரிடாவின் தென்கோடியான கீ வெஸ்ட்டிலிருந்து கியூபா சுமார் 145 கிலோமீட்டர்தான். ஆனாலும் கடற்கரையில் விடுமுறை கழிக்க மட்டும் அமெரிக்கர் அங்கே போக முடியாது.

1962-ல் அதிபர் கென்னடி கியூபாவுடனான வணிகத்துக்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு வந்த நிதித்துறை விதிகள், அங்கே பணம் செலவிடுவதைக் கட்டுப்படுத்தின. பயணம் செய்வது குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியிருந்தது. ஆனால் கியூபாவில் செலவு செய்யத் தடை விதிக்கலாம் என்று 1984-ல் அதே நீதிமன்றம் ஏற்றது. கையில் காசில்லாமல் யார் ஊர் சுற்ற முடியும்? தடை நிலைத்தது. 2000-ல் நாடாளுமன்றம் சுற்றுலாத் தடையைச் சட்டமாகவே ஆக்கியதால், அதிபர் நினைத்தாலும் தனியாக அதை நீக்க முடியாது.

ஆனால் சுற்றுலா அல்லாத சில காரணங்களுக்காகப் போகலாம். அப்படி அனுமதிக்கப்பட்ட காரணங்கள் 12. உறவினரைப் பார்ப்பது, செய்தி சேகரிப்பு, ஆய்வு, சமயப் பணி ஆகியவை அவற்றில் சில. முன்கூட்டி விண்ணப்பிக்கத் தேவையில்லை; பயணச்சீட்டு வாங்கும்போது எந்தக் காரணம் என்று அறிவித்தால் போதும். தனியாகச் செல்வோர் பலர் 'கியூப மக்களுக்கு ஆதரவு' என்ற பிரிவைத் தேர்கிறார்கள். செலவழிக்கும் பணம் அரசுக்கோ ராணுவத்துக்கோ போகாமல் மக்களைச் சேர வேண்டும் என்பது இதன் நோக்கம். ஆகவே அரசு ஓட்டல்களைத் தவிர்த்து, 'காசா பர்டிகுலார்' எனப்படும் வீட்டு விடுதிகளில் தங்குகிறார்கள். 'பாலதார்' எனப்படும் தனியார் உணவகங்களில் சாப்பிடுகிறார்கள். தங்கக்கூடாத விடுதிகளின் பட்டியலை அமெரிக்க வெளியுறவுத்துறை வெளியிடுகிறது. பகல் முழுவதற்குமான நிகழ்ச்சி நிரலும் வேண்டும். அதையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய காலம் 2025 மார்ச்சில் 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்ந்தது.

அமெரிக்க வங்கி அட்டைகளை நம்பிப் போக முடியாது. திரும்பும் நாள்வரை ஆகும் செலவைக் கணக்கிட்டு, ரொக்கமாகவே கொண்டுபோக வேண்டும். கியூபாவின் தரப்பிலும் விசா, மருத்துவக் காப்பீடு, இணையவழி வருகைப் படிவம் ஆகியவை தேவை. கியூபச் சுருட்டையும் ரம்மையும் அமெரிக்காவுக்குள் கொண்டுவர 2020 செப்டம்பரிலிருந்து தடை உள்ளது.

ஆட்சி மாறினால் விதிகளும் மாறும். ஒபாமா காலத்தில், 2016-ல் வழக்கமான விமானச் சேவை மீண்டும் தொடங்கியது. 2019-ல் டிரம்ப் அரசு சொகுசுக் கப்பல்களையும் குழுவாகச் செல்லும் கல்விப் பயணங்களையும் நிறுத்தியது. குழுப் பயணங்களை 2022-ல் பைடன் அரசு மீண்டும் அனுமதித்தது. அதனால் திட்டமிடும்போது ஒரு முறையும் புறப்படும் முன் இன்னொரு முறையும் நிதித்துறையின் விதிகளைப் பார்த்துக்கொள்வது அவசியம்.