மூச்சு வாங்கும் மீன்

போன குளிர்காலத்தில் என் பேத்தி பிடித்த முதல் மீன் செத்துப்போனது. நாங்கள் அதைச் சமைக்கவில்லை. தண்ணீரிலேயே திரும்ப விட்டோம். விட்ட பிறகுதான் செத்தது.

இடம் கலிபோர்னியாவில் லிவர்மோர் ஊருக்குத் தெற்கே, புல்மலைகளுக்கு நடுவே கிடக்கும் டெல் வாலே ஏரி. 1968-இல் அணை கட்டித் தேக்கிய, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்த்தேக்கம். குளிர்காலம் முழுக்க அதில் வானவில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடுவார்கள். ஃபிரிமாண்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருந்த நான், பத்து வயதுப் பேத்தியையும் ஏழு வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அரை மணி நேரத்தில் பேத்தியின் தூண்டில் வளைந்தது. முழங்கை நீள மீன். முதுகு ஆலிவ் பச்சை, உடம்பெல்லாம் கரும்புள்ளி, நடுவே இளஞ்சிவப்புப் பட்டை. மாப்பிள்ளை ஒரு படம் எடுத்தார். தம்பியோடு ஒரு படம். பிறகு அம்மாவோடு. நடுவில் மீன் கைநழுவிச் சரளைக்கல்லில் விழுந்தது. எடுத்துத் தண்ணீரில் விட்டபோது ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டது.

"தண்ணியிலதானே விட்டோம் தாத்தா? அப்புறம் ஏன்?"

முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். செவுளின் படத்தில் பாகம் குறிக்கச் சொல்லி எத்தனையோ பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அன்று கரையில் நின்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வருஷம் மறுபடி ஏரிக்குப் போகுமுன் அவளை உட்காரவைத்துப் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல, ட்ரவுட் பிடிப்பதைப் பற்றிப் பிள்ளைகள் கேட்ட மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அதே பதில்தான் என்பது எனக்கே புரிந்தது. ட்ரவுட் மூச்சுக்காகவே வாழும் மீன்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது பத்து மில்லிலிட்டர்கூடத் தேறாது. நாம் மூக்கால் சுலபமாக இழுப்பதை மீன் அரித்தெடுக்க வேண்டும். அதற்காகத்தான் செவுள். அதன் இழைகள் ஒவ்வொன்றிலும் தாளைவிட மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. தகட்டுக்கு வெளியே தண்ணீர் ஒரு திசையில் ஓட, உள்ளே ரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டும் ஒரே பக்கம் ஓடினால் பாதி வழியிலேயே இரண்டிலும் ஆக்ஸிஜன் சமமாகிவிடும். அதற்கு மேல் ரத்தத்துக்கு எதுவும் கிடைக்காது. எதிரெதிரே ஓடும்போதோ, வழி நெடுக ரத்தத்தில் இருப்பதைவிடத் தண்ணீரில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதனால் தண்ணீரில் இருப்பதில் 80 சதவீதம் வரைக்கும் செவுளால் உறிஞ்சிவிட முடிகிறது. உள்ளே இழுக்கும் காற்றின் ஆக்ஸிஜனில் நம் நுரையீரல் எடுப்பது ஏறக்குறைய கால்பங்குதான்.

இந்தத் தகடுகளைப் பிரித்து நிறுத்தி வைத்திருப்பது தண்ணீர். வெளியே எடுத்தால், நனைந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் ஒட்டிக்கொள்வதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் அவ்வளவு காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது இதனால்தான். அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்? தூண்டிலோடு போராடிக் களைத்த நேரத்தில். அந்தப் போராட்டத்தில் வேலை செய்யும் வெள்ளைத் தசை ஆக்ஸிஜன் இல்லாமலே ஓடி, லாக்டிக் அமிலத்தைச் சேர்த்து வைத்துவிடுகிறது. அந்தக் கடனை அடைக்க மணிக்கணக்கில் மூச்சு வாங்க வேண்டும். ஓட்டப்பந்தயம் ஓடி முடித்த பிள்ளையின் வாயையும் மூக்கையும் ஒரு நிமிடம் பொத்தினால் எப்படி இருக்கும்? நாங்கள் செய்தது அதைத்தான்.

கனடாவில் 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வானவில் ட்ரவுட்டை ஆய்வகத் தொட்டியில் துரத்திக் களைக்கவைத்துப் பார்த்தார்கள். களைத்ததோடு சரி என்று விடப்பட்டவற்றில் 100-க்கு 88 பிழைத்தன. களைத்தபின் 30 விநாடி வெளியே வைத்தவற்றில் 62. 60 விநாடி வைத்தவற்றில் 28 மட்டுமே. இந்த எண்களைச் சொன்னபோது பேத்தி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நமக்குத் தெரியாதுல்ல" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேரனின் கேள்வி வேறு. "உங்க ஊர்க் குளத்துல ட்ரவுட் இருந்துச்சா தாத்தா?"

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். குளத்தில் இருந்தது விரால். சேறும் பாசியுமாக இருக்கும் கோடைக் குளத்தில் விடிவதற்கு முன்னால் போய் நின்றால் கெண்டையும் மற்ற மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ராத்திரி முழுக்கப் பாசியும் ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்திருக்கும். விரால் மட்டும் அலட்டிக்கொள்ளாது. செவுளுக்கு மேலே ஓர் அறை வைத்திருக்கிறது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போய்விடும். வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். அந்தக் குளத்தில் ட்ரவுட் ஒரு நாள்கூடத் தாங்காது.

ஏன் தாங்காது என்பதற்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் பதில், சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகக் கரையும் என்பது. உண்மைதான். 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். 30 டிகிரியில் ஏழரை. ஆனால் நீலகிரியை நினைத்துப் பாருங்கள். அவலாஞ்சியில் ட்ரவுட் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் அது. அங்கே காற்றழுத்தம் குறைவு, ஆகவே கரையும் ஆக்ஸிஜனும் குறைவு. 15 டிகிரி நீரில் அங்கே கரையக்கூடியது லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம். தஞ்சாவூர்க் குளத்தின் பகல் நேரத்து ஏழரைக்கும் இதற்கும் அப்படியொன்றும் பெரிய தூரமில்லை. அப்படியானால் ட்ரவுட்டைக் காப்பாற்றுவது எது? மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். 10 டிகிரி ஏறினால் அதன் ஆக்ஸிஜன் தேவை இரண்டு மடங்காகிவிடும். குளத்து நீரில் வரவு கொஞ்சம்தான் குறைகிறது. செலவோ இரட்டிப்புக்கு மேல் போகிறது. சுமார் 25 டிகிரியைத் தொடும்போது ட்ரவுட்டின் கணக்கு தீர்ந்துவிடுகிறது. நான் நெடுங்காலம் வரவை மட்டுமே வகுப்பில் சொல்லிவந்தேன். செலவுக் கணக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அவலாஞ்சி மீனும் அங்கே பிறந்து வளர்ந்த இனமல்ல. 1860-களில் பிரான்சிஸ் டே நீலகிரியில் ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. 1907-வாக்கில்தான் ஹென்றி சார்லஸ் வில்சன் முயற்சியில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் உருவானது. வானவில் ட்ரவுட்டின் முட்டைகள் இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தன. நியூசிலாந்துக்கு அந்த மீன் 1883-இல் போய்ச்சேர்ந்தது எங்கிருந்து? இதே கலிபோர்னியாவிலிருந்து. நாங்கள் தூண்டில் போட்ட கரைக்கும் ஊட்டிக்கும் இடையே இப்படியொரு சொந்தம் இருக்கிறது என்றதும், அவலாஞ்சிக்கு எப்போது போகலாம் என்று பேரன் ஆரம்பித்துவிட்டான்.

இந்த மீனுக்கு வானவில் என்ற பெயரே இந்தப் பக்கத்தில் வைத்ததுதான். 1855-இல் வில்லியம் கிப்பன்ஸ், ஓக்லண்டுக்குப் பக்கத்துச் சான் லியாண்ட்ரோ ஓடையில் பிடித்த மீன்களைப் பார்த்து வானவில்லைக் குறிக்கும் லத்தீன் பெயரைச் சூட்டினார். அதற்கு முன்பே, 1792-இல், ரஷ்யாவின் கம்சாட்காவில் கிடைத்த அதே இனத்துக்கு வால்பாம் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்திருந்தார். இரண்டும் ஒன்று என்று ஏற்கப்பட்டு, 1989-இல் பழைய பெயருக்கே முன்னுரிமை கிடைத்தது. இன்று அறிவியலில் அது ஆங்கோரிங்கஸ் மைகிஸ். இதே இனத்தில் சில மீன்கள் கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஓடைக்குத் திரும்பும். அவற்றை ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். டெல் வாலே ஏரியின் ஓடை கடைசியில் போய்ச்சேர்வது அலமீடா ஓடையில். அங்கே ஃபிரிமாண்டில் அரை நூற்றாண்டாக மீன்களின் வழியை மறித்துவந்த தடுப்பில் 2022-இல்தான் மீன் ஏறிச்செல்லும் படிவழி கட்டி முடித்தார்கள். அந்தச் செய்தி எனக்கு இந்த ஊரின் எந்தப் பெரிய கட்டடத்தைவிடவும் மகிழ்ச்சி தந்தது.

ஓடையில் திரும்பிவரும் அந்தச் சொந்த இனத்தோடு பண்ணை மீன் கலந்துவிடக் கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முட்டை கருவுற்ற கொஞ்ச நேரத்தில் அதை அதிக அழுத்தத்திலோ வெப்பத்திலோ சில நிமிடங்கள் வைத்தால், வெளியே தள்ளப்பட வேண்டிய ஒரு தொகுதி குரோமோசோம் உள்ளேயே தங்கிவிடும். இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று. அந்த மீன் நன்றாக வளரும், தின்னும், தூண்டிலைக் கடிக்கும். குஞ்சு மட்டும் பொரிக்காது. கலிபோர்னியாவின் பண்ணைகள் ஏரிகளில் விடும் ட்ரவுட்டில் பெரும்பகுதி இப்படிப்பட்டவை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை மறுபடி போனோம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மாநில உரிமம் வேண்டாம். எனக்கு ஒரு நாள் உரிமம் எடுத்தோம், ஏரிக்கென்று தனி அனுமதிச் சீட்டும். இந்த முறை பேத்தி ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி எடுத்து வந்திருந்தாள். தண்ணீரில் விட்டு எண்ணிக்கொண்டிருந்துவிட்டு எடுத்து, "52" என்றாள் பாரன்ஹீட்டில். 11 டிகிரி செல்சியஸ். ட்ரவுட்டுக்குத் திருநாள்.

கோடையில் இதே கரையில் நின்று தூண்டில் போட்டால் ட்ரவுட் அகப்படாது. லிவர்மோர் வெயிலில் மேல்தண்ணீர் சூடாகி, லேசாகி, அடித்தண்ணீரின் மேல் போர்வைபோலப் படுத்துக்கொள்ளும். இரண்டும் கலக்காது. மேலே சூடு, அடியாழத்தில் நாள்போக்கில் ஆக்ஸிஜன் வற்றும். இடையில் மெல்லியதொரு அடுக்கில்தான் ட்ரவுட்டுக்கு இடம். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும்போது ஏரி முழுவதும் புரண்டு கலக்கிறது. பிறகு குளிர்காலம் முழுக்க எங்கும் குளிர், எங்கும் மூச்சு. மீன் கரையோரம் வரும். தாத்தாவும் பிள்ளைகளும் படகில்லாமலே பிடிக்கலாம்.

கரையில் ஓடக் கூடாது என்றேன். காலடி அதிர்வு மண்வழியே நீருக்குள் இறங்கும். மீனின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு நீரின் அசைவை உணரும். நிமிர்ந்து நிற்கவும் கூடாது. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் 97 பாகை அகலமான ஒரு வட்டச் சன்னலுக்குள்தான் தெரியும். அதன் ஓரத்துக்குக் கீழே குனிந்துவிட்டால் நாம் அநேகமாக இல்லை. பேரன் அன்று முழுக்கத் தவளைபோலக் குந்திக்கொண்டே நகர்ந்தான்.

நரம்பில் ஈயக்குண்டு அடியில் கிடக்க, அதிலிருந்து முக்கால் கை தூரம் தள்ளி முள். முள்ளில் பவர்பெயிட் என்ற மிதக்கும் மாவுருண்டை. குண்டு தரையில் கிடக்கும், இரை ஒரு முழம் மேலே மிதக்கும். தரைக்குக் கொஞ்சம் மேலாக உலாவும் ட்ரவுட்டின் கண்ணுக்கு நேரே நிற்கும். இந்த இரையை மீன் உள்ளே விழுங்கிவிடுவதுண்டு. விழுங்கிய முள்ளைப் பிடுங்குவது கொலை. நரம்பை வெட்டிவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். என் கருத்து, இப்படி இரை போட்டுப் பிடிப்பவர்கள் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஆளுக்கு ஐந்து என்பது வரம்பு. நாங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு மீன் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருந்தோம். கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும்.

முதல் மீனைப் பேரன் இழுத்தான். வலையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்தாள் பேத்தி. முதலில் கையை நனைத்துக்கொண்டாள். உலர்ந்த கை மீனின் மேல் இருக்கும் வழும்பை உரித்துவிடும், அதுதான் அதற்குக் கிருமியிலிருந்து காப்பு. சமைக்கப்போகும் மீனுக்கு எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. தலையில் ஒரே அடியில் முடித்தேன். துடிக்கவிடாமல் முடிப்பதும் பிள்ளைகள் பார்க்க வேண்டியதே. யாரும் படம் எடுக்கவில்லை.

வீட்டில் நானும் பேத்தியும் மீனை ஆய்ந்தோம். விரால்போலச் சாம்பல் போட்டு உரச வேண்டியதில்லை. ட்ரவுட்டின் செதில் அவ்வளவு பொடி. செவுளை வெட்டி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். ரத்தச் சிவப்பு இழைகள் பூப்போல விரிந்தன. கரண்டியால் தூக்கினேன், ஒரே கட்டியாகச் சுருண்டது. திரும்பப் போட்டேன், விரிந்தது. அவள் கரண்டியை வாங்கித் தானே ஏழெட்டு முறை செய்து பார்த்தாள். பேசவில்லை.

பிறகு தலையைப் பிளந்து காதுக்கல் இரண்டை எடுத்தோம். நொய்யரிசி அளவு, சுண்ணாம்பு வெள்ளை. மீன் வாழும் ஒவ்வொரு நாளும் அதன் மேல் ஒரு மெல்லிய படலம் சேர்கிறது. தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் நாட்களைக்கூட எண்ணலாம். எங்களிடம் இருந்தது கைலென்ஸ்தான். மங்கலாக வளையம் தெரிந்தது.

"போன வருஷத்து மீனுக்கும் இது இருந்திருக்கும்ல தாத்தா?"

"இருந்திருக்கும்மா."

"அது எங்க இருக்கும் இப்போ?"

உடம்பெல்லாம் மக்கிப்போன பிறகும் காதுக்கல் சேற்றில் நெடுநாள் கிடக்கும். பழைய குப்பைமேடுகளில் ஆயிரக்கணக்கான வருஷத்துக் காதுக்கற்கள் அகழ்வாராய்ச்சிக்காரர்களுக்குக் கிடைத்திருக்கின்றன என்றேன். அவள் ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து இரண்டு கல்லையும் போட்டாள். பெட்டியின் மேல் தேதியையும் 52 என்ற எண்ணையும் எழுதினாள். அடுப்பில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிய மீன் பொரிகிற வாசனைக்குப் பேரன் தட்டோடு வந்து நின்றான்.