பியர் விநியோக விளையாட்டு

பியர் விநியோக விளையாட்டு என்பது வழங்கல் சங்கிலி மேலாண்மை, பொருள் மேலாண்மை ஆகிய துறைகளில் பயில்வோருக்கு நடத்தப்படும் ஒரு பயிற்சி விளையாட்டு ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சுலோன் மேலாண்மைப் பள்ளியில் இது 1960களில் உருவானது. இன்று உலகெங்கும் மேலாண்மைக் கல்வி நிலையங்களிலும் நிறுவனங்களின் உட்பயிற்சி வகுப்புகளிலும் ஆடப்படுகிறது. பெயரில் பியர் இருப்பினும் ஆட்டத்தில் பியர் கிடையாது. பலகையின் மீது நகர்த்தப்படும் வில்லைகளே பியர்ப் பெட்டிகளைக் குறிக்கின்றன. மது பொருந்தாத இடங்களில் பழச்சாறு போன்ற வேறு பண்டத்தின் பெயரால் நடத்துவதும் உண்டு.

தோற்றம்

கணினிகளுக்கான காந்த உள்ளக நினைவகத்தை உருவாக்கிய பொறியாளர் ஜே ஃபாரெஸ்டர் (1918–2016), 1956இல் சுலோன் பள்ளிக்கு வந்தார். அக்காலத்தில் கென்டக்கி மாநிலத்திலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் வீட்டுச் சாதனத் தொழிற்சாலைகளின் மேலாளர்களுக்குப் புரியாத ஒரு சிக்கல் இருந்தது. சில காலம் மூன்று, நான்கு முறைகளில் ஆட்கள் வேலை செய்தனர். சில ஆண்டுகளில் பாதிப் பேர் வேலையிழந்தனர். நாட்டின் வணிகச் சுழற்சியே காரணம் என்பது பொதுவான விளக்கம். ஃபாரெஸ்டருக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை.

ஆட்களைச் சேர்ப்பதும் சரக்கிருப்பை நிரப்புவதும் எவ்வாறு முடிவு செய்யப்படுகின்றன என்று அவர் கேட்டறிந்தார். பின் ஒரு தாளில் இருப்பு, ஆட்கள், ஆணைகள் எனப் பத்திகள் வரைந்து வாரம் வாரமாகக் கணக்கிட்டார். வரும் ஆணைகள் மாறாதிருந்தபோதும் ஆட்களின் எண்ணிக்கை ஏறி இறங்கியது. அதாவது, வேலையிழப்பின் காரணம் நிறுவனம் கடைப்பிடித்த விதிகளுக்குள்ளேயே இருந்தது. அமைப்பு இயங்கியல் எனப்படும் துறை இக்கணக்கிலிருந்து தொடங்கியது. மேற்கண்ட விளையாட்டும் இக்கருத்தைக் கையால் தொட்டு உணரச் செய்வதற்கென அமைந்ததே.

ஆடும் முறை

ஓர் அணியில் நான்கு இடங்கள் உண்டு: சில்லறை விற்பனையாளர், மொத்த விற்பனையாளர், விநியோகஸ்தர், தொழிற்சாலை. சரக்கு மேலிருந்து கீழே வரும். ஆணை கீழிருந்து மேலே செல்லும். ஆணைச் சீட்டு அடுத்தவரைச் சேர இரு வாரமும், அனுப்பிய சரக்கு வந்து சேர மேலும் இரு வாரமும் ஆகும். வாடிக்கையாளர் கேட்கும் அளவு சில்லறை விற்பனையாளருக்கு மட்டுமே தெரியும். ஆடுவோர் ஒருவரோடொருவர் பேசலாகாது.

கையிருப்பில் தங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரம் 50 சென்ட் செலவு. கொடுக்க இயலாது நிலுவையான பெட்டிக்கு 1 டாலர். நால்வரின் மொத்தச் செலவு மிகக் குறைந்த அணி வெல்லும். ஆளுக்கு ஒரு டாலர் பந்தயம் கட்டி ஆடும் வழக்கமும் உண்டு. ஐம்பது வாரம் ஆடுவதாக அறிவித்துவிட்டு 36ஆம் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். இல்லையேல் கடைசி வாரங்களில் எல்லோரும் இருப்பைக் காலி செய்ய முனைவர்.

தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் 12 பெட்டிகள் இருக்கும். வாரம் 4 பெட்டி வந்து 4 பெட்டி போகும். ஐந்தாம் வாரத்தில் வாடிக்கையாளர் கேட்பு 8 ஆகிறது. அதன் பின் ஆட்டம் முடியும்வரை 8 தான். மாற்றம் அந்த ஒரு முறை மட்டுமே.

நிகழ்வது என்ன

சில்லறை விற்பனையாளரின் கணக்கைப் பார்ப்போம். வாரம் 4 வர, 8 போவதால் அவர் இருப்பு 12இலிருந்து 8, 4, 0 எனக் குறைந்து எட்டாம் வாரத்தில் 4 பெட்டி நிலுவையாகிறது. ஐந்தாம் வாரத்திலேயே அவர் 8 கேட்டிருந்தாலும் அது வந்து சேர ஒன்பதாம் வாரம் ஆகும். ஆகவே இந்தச் சிறு பற்றாக்குறை தவிர்க்க இயலாதது. இதனை நிரப்ப ஒருமுறை கூடுதலாகக் கேட்டால் போதும். ஆனால் ஆடுபவர் அப்படிச் செய்வதில்லை. இருப்பு குறைந்ததைக் கண்டு 16 பெட்டி கூடுதலாகக் கேட்கிறார். அடுத்த வாரமும் சரக்கு வராததால் அதே பற்றாக்குறைக்காக மீண்டும் கேட்கிறார். வழியில் இருக்கும் சரக்கை அவர் கணக்கில் கொள்வதில்லை.

மேலே உள்ளவருக்கு இது விற்பனை பெருகியதாகவே தெரியும். அவர் தம் பங்குக்கு இன்னும் கூட்டிக் கேட்பார். இவ்வாறு தொழிற்சாலையைச் சேரும்போது சிறு அசைவு பேரலையாகிவிடுகிறது. பின்னர் எல்லாச் சரக்கும் ஒருசேர வந்து குவிய, ஆணைகள் நின்றுபோகின்றன. கைப்பிடியில் சிறிதாக அசைத்தால் நுனியில் பெரிதாக வீசும் சாட்டையை ஒத்திருப்பதால் இது சாட்டை விளைவு எனப்படுகிறது.

ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களால் காட்டியது. அவர் ஆராய்ந்த 11 ஆட்டங்களில் வாடிக்கையாளர் கேட்பு 8ஐத் தாண்டாதபோதும், உச்ச ஆணையின் சராசரி சில்லறை விற்பனையாளரிடம் 15, மொத்த விற்பனையாளரிடம் 19, விநியோகஸ்தரிடம் 27, தொழிற்சாலையில் 32 ஆக இருந்தது. அணியின் சராசரிச் செலவு 2,028 டாலர். எளிய விதியொன்றைப் பின்பற்றியிருந்தால் 204 டாலரே ஆகியிருக்கும்.

ஆட்டம் முடிந்தபின்

பயிற்சியின் பயன் உண்மையில் இங்குதான் தொடங்குகிறது. சில்லறை விற்பனையாளர் தவிர்ந்த மற்றவர்களிடம், வாடிக்கையாளர் கேட்பு எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொல்வர். பெரும்பாலோர் ஏறி இறங்கும் அலையை வரைவர். சிலருக்கு அடுத்த இருக்கைக்காரர் மீது கோபமும் இருக்கும். பின்னர் 4இலிருந்து 8க்கு ஒரே படி ஏறி நேராகச் செல்லும் உண்மைக் கோடு காட்டப்படும். அலையை உண்டாக்கியவர்கள் தாங்களே என்பது அப்போது புலப்படும்.

நடைமுறையில்

ஹாவ் லீ, பத்மநாபன், சியூங்ஜின் வாங் ஆகியோர் 1997இல் சாட்டை விளைவுக்கு வேறு காரணங்களையும் விளக்கினர். ஆணைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புவது, தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக் குவிப்பது, பற்றாக்குறையின்போது பங்கு குறையும் என அஞ்சித் தேவைக்கு மேல் கேட்பது என்பன அவை. ஆடுவோர் குழம்பாவிட்டாலும் இவற்றால் அலை எழும். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது கழிவறைத் தாள் கடைகளில் தீர்ந்துபோனதற்கு மக்கள் அஞ்சி வாங்கிக் குவித்ததும் ஒரு காரணம் ஆகும்.

இத்தாலியின் பாஸ்தா நிறுவனமான பரில்லாவின் கதை 1994 முதல் ஆர்வர்ட் வணிகப் பள்ளியில் பாடமாக உள்ளது. உண்பவர்களின் தேவை ஏறத்தாழ நிலையாக இருந்தும் விநியோகஸ்தர்களின் ஆணைகள் கடுமையாக ஏறி இறங்கின. விநியோகஸ்தரின் விற்பனை விவரத்தைப் பெற்று எவ்வளவு அனுப்புவது என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம் என்ற திட்டத்தை விநியோகஸ்தர்கள் மட்டுமன்றி, நிறுவனத்தின் சொந்த விற்பனைப் பிரிவினரும் எதிர்த்தனர். விற்ற அளவைப் பொறுத்தே அவர்களுக்கு ஊக்கத்தொகை கிடைத்துவந்தது.

வரம்புகள்

ஒரே பண்டம், பேச்சுத் தடை, நேர்கோட்டுச் சங்கிலி என்பன உண்மை வணிகத்தினின்று வேறுபட்டவை எனச் சிலர் குறை கூறுவர். இக்குறை ஓரளவு சரியே. எனினும் ரேச்சல் குரோசன், கேரன் டோனஹியூ ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர் கேட்பின் தன்மையை எல்லோருக்கும் முன்பே அறிவித்தபின்னும் சாட்டை விளைவு நீங்கவில்லை. ஒவ்வொருவரின் கையிருப்பையும் மற்றவர்க்குக் காட்டியபோது அது குறைந்தது, முற்றிலும் மறையவில்லை.