வண்டி உங்களுது, பூட்டு யாரோடது?

என் சித்தி பையன் அம்பாசமுத்திரத்துல இருக்கான். போன மாசம் பாளையங்கோட்டைக்கு வந்து ஒரு பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினான், நானும் கூடப் போயிருந்தேன். ஓட்டிப் பார்த்தப்போ ஸ்கிரீன்ல மேப் வந்துச்சு, யாராச்சும் வண்டியை நகர்த்தினா போனுக்குத் தகவல் வந்துச்சு. ரெண்டே வாரத்துல ரெண்டும் நின்னுபோச்சு. சர்வீஸ்ல, "கோளாறு இல்ல தம்பி, சந்தா முடிஞ்சிருச்சு"ன்னுட்டாங்க. "அண்ணே, வண்டியை வாங்கிட்டேன், உள்ள இருக்கது என்னுது இல்லையா?"ன்னு அவன் கேட்டான். இந்த எபிசோடே அந்தக் கேள்விதான்.

ரெண்டு விதமா வண்டி செய்யறதைவிட ஒரே விதமா செஞ்சு, சிலதை சாஃப்ட்வேர்ல பூட்டி வைக்கிறது கம்பெனிக்கு லாபம். 2016-ல டெஸ்லா, 75 கிலோவாட் மணி பேட்டரியை வச்சே மாடல் எஸ் 60-ஐ வித்தது. மீதியைத் திறக்கத் தனிக் காசு. 2017 செப்டம்பர்ல ஃப்ளோரிடாவை இர்மா புயல் நெருங்கினப்போ, ஊரைவிட்டுக் கிளம்பினவங்களுக்காக அந்தப் பூட்டைத் தூரத்துல இருந்தே தற்காலிகமா திறந்துவிட்டாங்க. நல்ல காரியம்தான். ஆனா சாவி யார் கையில இருக்குன்னு அன்னைக்குத்தான் பலருக்கும் உறைச்சது. 2022-ல பி.எம்.டபிள்யூ சில நாடுகள்ல சீட்டைச் சூடாக்க மாசச் சந்தா கேட்டு, எதிர்ப்பு வந்து, அடுத்த வருஷம் கைவிட்டது. (நெல்லை வெயிலுக்கு அந்த சீட்டை நமக்குச் சும்மா குடுத்தாலும் வேண்டாம்!)

நம்ம ஊர்லயும் இது வந்தாச்சு. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல படிச்சவங்க தொடங்கின, ஓசூர்ல ஸ்கூட்டர் செய்யற ஏத்தர், சில வசதிகளை 'ப்ரோ பேக்'னு தனியா விக்குது. 2023-ல இன்னொரு பிரச்சினை வெடிச்சது. அப்போ இருந்த ஃபேம்-2 மானியத்துக்கு வண்டியோட ஆலை விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாதுன்னு விதி இருந்துச்சு. சார்ஜரையும் சாஃப்ட்வேரையும் தனி பில்லுல போட்டு விலையைக் குறைச்சுக் காட்டுறாங்களான்னு கேள்வி வந்துச்சு. கடைசியில ஓலாவும் ஏத்தரும் சார்ஜர் காசைத் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க.

என் கருத்தைச் சொல்றேன். மேப்புக்கும் இருப்பிடம் காட்டவும் சிம், டேட்டா, சர்வர் வேணும். அதுக்கு மாசாமாசம் செலவு இருக்கு, கேக்கலாம். ஏற்கெனவே பொருத்தின மோட்டாரோட வேகத்துக்கோ பேட்டரிக்கோ மாசச் செலவு எதுவும் இல்லையே? அதுக்குச் சந்தா கேட்டா, நான் வாங்க மாட்டேன்.

தம்பி விஷயத்துல சந்தா நியாயம்தான்; முடியுற தேதியை யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. பழைய வண்டி வாங்கினா, ஆர்.சி. பேர் மாத்தும்போதே ஆப் கணக்கும் மாறுதா, பேக் வண்டியோட வருமா, எந்தத் தேதி வரைக்கும்னு விக்கிறவர்கிட்ட எழுதி வாங்குங்க. தம்பி இப்போ நெல்லை ஜங்ஷன்ல ஒரு மொபைல் ஹோல்டர் வாங்கி மாட்டியிருக்கான். ராத்திரி வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டுறான்.