அவள் ஏன் அப்படிச் செய்தாள்?

இரவில் தொலைக்காட்சித் தொடரின் அன்றைய பகுதி முடிந்ததும், நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு நியாயசபை கூடுகின்றது. “அவள் ஏன் அப்பிடிச் செய்தவள்?” என்று ஆச்சி வழக்கைத் தொடங்குகின்றார். “அவளிலை பிழையில்லை, மாமி; அவன் செய்த வேலை அப்பிடி” என்று மருமகள் எதிர்வாதம் புரிகின்றாள். புங்குடுதீவின் இறுப்பிட்டியில் தொடங்கிய வழக்கு, தொலைபேசி வழியே பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் மேன்முறையீட்டுக்குச் செல்வதும் உண்டு.

வீண்பேச்சு என்று இதனைக் கேட்டு முகஞ்சுழிப்போர் உளர். ஆயினும், ‘ஏன்?’ என்னும் இக்கேள்வியன்றோ இலக்கிய ஆராய்ச்சியின் வித்து! இராமன் மறைந்து நின்று வாலிமீது கணை தொடுத்தது ஏன்? இவ்வினாவைக் கம்பர் வாலியின் வாயிலாகவே எழுப்புகின்றார். கம்பன் விழா மேடைகளில் அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. கற்றோர் மேடையில் செய்வதையே ஆச்சி திண்ணையில் செய்கின்றார்.

நம் முன்னோர் இரசித்த முறையில் ஒரு வேறுபாடு இருந்தது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ பார்க்கச் சென்றோர் அனைவருக்கும் அரிச்சந்திரன் கதையின் முடிவு முன்னரே தெரியும். தெரிந்திருந்தும் விடியும்வரை இருந்து கண்ணீர் உகுத்தனர். ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்பது அவர்கள் கேள்வியன்று. ‘இதனை எவ்வாறு தாங்குவான்?’ என்பதே அவர்கள் கேள்வி.

தொடர்கதை வந்தபின் நிலைமை மாறியது. 1950 இல் ‘கல்கி’ இதழில் தொடங்கி மூன்றாண்டுகளுக்கு மேலாக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’, வாரந்தோறும் வாசகரை ஏங்க வைத்தது. நந்தினியின் உள்ளத்தில் இருந்தது காதலா, வஞ்சமா? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? கதை முடிந்தும் வாசகரின் ஐயம் முடியவில்லை. ஆசிரியர் கல்கி ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்கு விடைகூற வேண்டியதாயிற்று. ஆங்கில நாட்டில் கொனன் டொயில் என்பார் 1893 இல் தம் துப்பறியும் வீரன் ஷெர்லக் ஹோம்ஸைக் கதையில் மடியச் செய்தார். வாசகர் கொதித்தெழுந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1903 இல், ஹோம்ஸ் உண்மையில் மடியவில்லை என்று அவரே எழுத நேர்ந்தது.

இனி, நம் காலத்துத் தொடர்களுக்கு வருவோம். திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. அவரே 2022 இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில், வீட்டுப் பெண்களை அடக்கியாளும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். நேயர்கள் அப்பாத்திரத்தை வைதனர். அவர் பேச்சைத் தாமும் பேசி மகிழ்ந்தனர். 2023 செப்டெம்பர் 8 ஆம் நாள் மாரிமுத்து திடீரெனக் காலமானபோது, வைத வாய்களே வருந்தின. பாத்திரம் வேறு, நடிகர் வேறு என்பதை நம் மக்கள் நன்கறிவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நேயரின் சினம் மூவகைப்படும். நடிகரையே வெறுப்பது ஒன்று, அது பேதைமை. பாத்திரத்தின் செயலை வெறுப்பது மற்றொன்று, அது அறவுணர்ச்சி. மூன்றாவது, “நேற்றுவரை கொடியவளாக இருந்தவள் இன்று காரணமின்றி நல்லவளானது எப்படி?” என்று கதாசிரியர்மேல் கொள்ளும் சினம், அதுவே விமர்சனம். இந்தியாவில் பார்வையாளர் தொகை வாரந்தோறும் கணிக்கப்படுகின்றது. அது குறைந்தால் விளம்பர வருவாயும் குறையும். தொடர்கள் ஒளிபரப்புக்குச் சிறிது காலம் முன்னரே படமாக்கப்படுவதால், கதையை இடைவழியில் திருப்புதல் எளிது. அவ்வாறு திருப்பும்போது பாத்திரத்தின் நோக்கம் பலியாகின்றது. அதனைக் கண்டு சினக்கும் இல்லத்தரசி, தாம் அறியாமலே ஒரு நல்ல விமர்சகராகின்றார்.

எனினும், ஓர் எச்சரிக்கை தேவை. தொடரில் மாமியார் தனியறையில் தீட்டும் சூழ்ச்சியும், மருமகள் மறைவில் சிந்தும் கண்ணீரும் நமக்குக் காட்டப்படுகின்றன. ஆகவே நாம் துணிந்து தீர்ப்புக் கூறுகின்றோம். வாழ்க்கையில் அத்தனியறைக் காட்சியை நமக்குக் காட்டுவோர் யாருமிலர். கடல் கடந்து சென்ற மகன் இரு மாதங்களாகப் பேசவில்லை; அண்ணன் இம்முறை பணம் அனுப்பவில்லை; மைத்துனி கலியாணத்துக்கு வரவில்லை. உடனே, தொடரில் பழகிய பழக்கத்தால், “அவள்தான் தடுத்திருப்பாள்” என்று ஒரு நோக்கத்தைக் கற்பித்து விடுகின்றோம். அங்கே வேலை போயிருக்கலாம், நோய் வந்திருக்கலாம், சொல்ல நாணியிருக்கலாம். குடும்பங்கள் பாதி தீவிலும் பாதி அயல்நாட்டிலுமாகச் சிதறி வாழும் நமக்கு, இப்பிழை உறவையே அறுக்க வல்லது.

ஆதலின் மாணவர்களே, தொடரைப் பார்ப்பதைக் குற்றமென்று கொள்ளற்க. பார்த்தபின் மூன்று வினாக்களை எழுப்புக: இப்பாத்திரம் எதனை விரும்புகின்றது? அதற்குத் தெரிந்தது எவ்வளவு? அந்நிலையில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? இம்மூன்றையும் கேட்கப் பழகியவன் காப்பியத்தையும் கற்பான். கற்பனை மாந்தருக்கு வழங்கும் அப்பொறுமையைத் தன் சொந்தச் சகோதரனுக்கும் வழங்குவான்.