மடிக்கணினிக்கு ஒரு மேசை

கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து சூரிச் வந்த எமது பெறாமகன், அலுவலக வேலையையும் மடிக்கணினியில் சுமந்து வந்திருந்தான். வீட்டிலோ ஒன்பது பேர். "சித்தப்பா, அமைதியா இருந்து வேலை செய்ய ஓர் இடம் காட்டுங்கோ" என்றான்.

இக்குறை புதியதன்று. 1916இல் இந்நகரில் அகதியாக வாழ்ந்த லெனின், ஸ்பீகல்காசே 14ஆம் இலக்க வீட்டில் வாடகை அறையொன்றில் இருந்தார். அயலிலிருந்த சொசேஜ் தொழிற்சாலையின் நாற்றத்தால் பகலில் யன்னல் திறக்க இயலவில்லை. நூலகமே அவரது பணிமனையாயிற்று. இன்றும் சூரிச் மத்திய நூலகத்தில் எவரும் கட்டணமின்றி அமர்ந்து படிக்கலாம். உரத்த பேச்சுத்தான் ஆகாது.

பேசவேண்டியோர் கோப்பிச்சாலையை நாடலாம். பாசலில், பழைய வங்கிக் கட்டடத்தில் 1999இல் தொடங்கிய 'உண்டர்னேமன் மிற்ற'வில் எதையும் வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஏனைய கடைகளில், மதியவுணவு வேளையில் ஒரு கோப்பியுடன் மேசையைப் பிடித்திருத்தல் முறையன்று. கோப்பை கழுவிய எம்மவருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

வரும் உறவினருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: லண்டன் மின்செருகி இங்கு பொருந்தாது. பொது இடங்களில் இலவச இணையத்துக்குப் பெரும்பாலும் கைத்தொலைபேசியில் வரும் இரகசிய எண் வேண்டும். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாமையால் தொலைபேசிக் கட்டணமும் எகிறக்கூடும்.

பெறாமகனை நான் அழைத்துச் சென்றது, 1990களில் நான் பாத்திரம் கழுவிய கடைக்கு. அதன் முன்வாசலால் நான் நுழைந்தது அன்றுதான் முதற்றடவை.