மலிவு எது, ஆதாயம் எது? ஜொகூர் சிறு வணிகரும் அலுவலக மடிக்கணினியும்

மலேசியாவில் இ-இன்வாய்ஸ் எனப்படும் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் பெருநிறுவனங்களில் தொடங்கியது. அது படிப்படியாக விரிந்து, 2026 ஜனவரி 1 முதல் ஆண்டு விற்பனை 1 மில்லியனுக்கும் 5 மில்லியன் ரிங்கிட்டுக்கும் இடைப்பட்ட நிறுவனங்களையும் எட்டியுள்ளது. இதனால் ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவான் வட்டாரத்துக் கடைகள் முதல் பாசிர் கூடாங்கின் லாரி நிறுவனங்கள் வரை, கணக்கைக் கட்டுக்கட்டான பில் புத்தகங்களில் வைத்திருந்த பலருக்கும் நம்பகமான ஒரு கணினி அன்றாடத் தேவையாகிவிட்டது. அத்தேவையை நிறைவு செய்யக் கடைக்குச் செல்பவர் முதலில் கேட்பது விலையையே. ஆனால் அலுவலகக் கணினியின் உண்மையான விலை, அது எத்தனை ஆண்டுகள் தடையின்றி உழைக்கும் என்பதைக் கொண்டே கணக்கிடப்பட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 4,500 ரிங்கிட்டுக்கு வாங்கும் புதிய கணினி ஐந்து ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 900 ரிங்கிட் ஆகிறது. 900 ரிங்கிட்டுக்கு வாங்கும் மிகப் பழைய கணினி ஓராண்டில் படுத்துவிட்டால் அதன் ஆண்டுச் செலவும் அதே 900 ரிங்கிட்தான். இவற்றுக்கு இடையே, 1,800 ரிங்கிட்டுக்கு வாங்கி, பேட்டரி மாற்ற 200 ரிங்கிட் செலவிட்டு, நான்கு ஆண்டுகள் பயன்படுத்தும் கணினிக்கு ஆண்டுக்கு 500 ரிங்கிட்டே ஆகும். இந்த நடுவழி யாருக்குக் கைகூடும், எங்கே கைவிடும் என்பதே சிறு வணிகர் அறிந்திருக்க வேண்டியது.

அலுவலக வகை என்பது யாது?

பெரும் தயாரிப்பாளர்கள் வீட்டுக்கென ஒரு வகையையும் அலுவலகங்களுக்கென வேறு வகையையும் தயாரிக்கின்றனர். ஐபிஎம் நிறுவனம் 1992இல் அறிமுகப்படுத்தி, 2005இல் லெனோவோவின் கைக்கு மாறிய திங்க்பேட், எச்பியின் எலைட்புக், 2025 முதல் டெல் புரோ எனப் பெயர் மாறியுள்ள டெல் லாட்டிட்யூட் ஆகியவை அலுவலக வகையில் பரவலாக அறியப்பட்டவை. பெருநிறுவனங்கள் இவற்றை நூற்றுக்கணக்கில் வாங்குகின்றன அல்லது குத்தகைக்கு எடுக்கின்றன. மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்ததும், பழுதில்லாதவற்றையும் சேர்த்து மொத்தமாக மாற்றிவிடுகின்றன. அவ்வாறு வெளியேறும் கணினிகள் துடைத்துச் சோதிக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டவை என்ற பெயரில் மறுவிற்பனைக்கு வருகின்றன.

ஒரே மாதிரிக் கணினிகள் ஆயிரக்கணக்கில் புழங்குவதால் விசைப்பலகை, கீல், பேட்டரி முதலிய உதிரிபாகங்கள் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கின்றன. பழுதுபார்க்கும் முறையைப் படங்களுடன் விளக்கும் கையேடுகளையும் தயாரிப்பாளர்களே வெளியிடுகின்றனர். ஆயினும் அலுவலக வகைக்குள்ளும் வேறுபாடு உண்டு. 2018இல் வெளிவந்த திங்க்பேட் டி480இல் ரேம் எனப்படும் நினைவகத்தை மாற்ற இரண்டு செருகிடங்களும், உள்ளே ஒன்று, கையாலேயே கழற்றத்தக்கது ஒன்று என இரண்டு பேட்டரிகளும் உள்ளன; எடை குறைந்த எக்ஸ்1 கார்பனிலோ ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கும்போது உள்ள அளவே இறுதி வரை நிற்கும்.

இவ்வேறுபாடு இப்போது கூடுதல் முக்கியத்துவம் பெற்றுள்ளது. ஜொகூரின் செடெனாக்கில் எழுந்துள்ளவை போன்ற தரவு மையங்கள் உலகெங்கும் பெருகி, செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்காக நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் ஈர்த்துக்கொள்வதால், 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கூர்மையாக ஏறியது. பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என எண்ணி 8 ஜிபி கணினியை எடுப்பதைவிட, 16 ஜிபி ஏற்கெனவே பொருத்தப்பட்ட கணினிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது இச்சூழலில் ஆதாயமாக அமையும்.

எண்ணைப் படிக்கும் முறை

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு, இன்டெல் புராசஸரைப் பொறுத்தவரை, மிகச் சில விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் இருக்க வேண்டும். இவ்வரம்புக்குக் கீழ்ப்பட்ட கணினிகளை நிறுவனங்கள் கைவிடுவதால் அவை மலிவாகக் கிடைக்கின்றன. சோதனையைத் தாண்டும் வழிகளைக் கையாண்டு அவற்றில் விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடவும் முடியும். திரையில் எல்லாம் சரியாகவே தோன்றும், ஆனால் பாதுகாப்பு மேம்பாடுகள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. வாடிக்கையாளர் விவரங்களும் வங்கிக் கணக்கும் புழங்கும் கணினிக்கு இது ஏற்கத்தக்க நிலையன்று.

தலைமுறையை அறிய அமைப்பு விவரப் பக்கத்தில் உள்ள புராசஸர் எண்ணைப் பார்த்தாலே போதும். ஐ5-7200யூ என்பதில் 7 ஏழாம் தலைமுறையையும், ஐ5-8250யூ என்பதில் 8 எட்டாம் தலைமுறையையும் குறிக்கும். முன்னதில் இரண்டு கோர்களும் பின்னதில் நான்கு கோர்களும் இருப்பதால், ஐ5 என்ற ஒரே பெயரைத் தாங்கிய இவ்விரண்டுக்கும் திறனில் பெரும் இடைவெளி உண்டு. ஐ5-1135ஜி7 என்றிருந்தால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் பதினோராம் தலைமுறை என்று படிக்க வேண்டும். இன்று வாங்கி நான்கு ஆண்டுகள் பயன்படுத்த விரும்புவோர், எல்லைக்கோட்டில் நிற்கும் எட்டாம் தலைமுறையைவிடப் பதினோராம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையும் நாடுவது நல்லது.

மூன்று பூட்டுகள்

வீட்டுக் கணினியில் பெரும்பாலும் காணப்படாத ஒரு சிக்கல் அலுவலகக் கணினியில் உண்டு. பழைய நிறுவனம் இட்ட பூட்டு விற்பனைக்குப் பின்னும் அகலாமல் இருந்துவிடுவதே அது. முதலாவது, கணினி விழித்தெழும்போதே இயங்கும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலுக்கான மேற்பார்வைக் கடவுச்சொல். திங்க்பேடில் இது மறக்கப்பட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் நிலைப்பாடு. இரண்டாவது, திருட்டுப்போன கணினியைத் தொலைவிலிருந்து முடக்க உதவும் அப்சல்யூட் போன்ற கண்காணிப்பு நிரல். மூன்றாவது, ஆட்டோபைலட் எனப்படும் மைக்ரோசாஃப்ட் பதிவு. விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தவுடன், முந்தைய நிறுவனத்தின் பெயருடன் அதன் ஊழியர் கணக்கைக் கேட்கும் திரை தோன்றும்.

ஆகவே, கடையில் ஏற்கெனவே அமைத்து வைக்கப்பட்ட கணினியைத் திறந்து பார்ப்பது மட்டும் போதாது. பயாஸ் பக்கத்துக்குள் தடையின்றி நுழைய முடிகிறதா என்று காண வேண்டும். விண்டோஸை மீட்டமைத்து, இணையத்தில் இணைத்து, முதல் அமைவை விற்பனையாளரின் முன்னிலையிலேயே முடிக்க வேண்டும். பவர்சிஎஃப்ஜி கட்டளை தரும் பேட்டரி அறிக்கையையும் அப்போதே எடுத்துவிடலாம். வடிவமைப்புக் கொள்ளளவு 50 வாட்-மணியாக இருந்து, முழு மின்னேற்றக் கொள்ளளவு 30 மட்டுமே எனில், பேட்டரியின் 40 விழுக்காடு தேய்ந்துவிட்டது என்பது பொருள். புதிய பேட்டரியின் விலையை அங்கேயே பேசிக் கழித்துக்கொள்ளலாம். கணினியின் அடிப்பகுதியிலுள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் இட்டால், உத்தரவாதக் காலமும் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டபோது இருந்த உறுப்புகளும் தெரியவரும்.

கடற்பாலத்தின் இரு கரைகள்

ஜொகூர்வாசிக்கு மட்டுமே எளிதாகக் கைகூடும் மற்றொரு வாய்ப்பு, கடற்பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூர்ச் சந்தை. அங்குத் தெரிவுகள் மிகுதி. இரு நாடுகளிலும் மூன்று முனைச் செருகி ஒன்றே என்பதால் மின்னேற்றியிலும் சிக்கல் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடாக உள்ளது. சுற்றுப்பயணிகளுக்கு அவ்வரியைத் திருப்பித் தரும் திட்டம் விமானத்திலோ உல்லாசக் கப்பலிலோ புறப்படுவோருக்கே உரியது, உட்லண்ட்ஸ், துவாஸ் தரைவழிச் சோதனைச் சாவடிகளில் கிடைப்பதில்லை. நாணய மாற்றையும் பழுது நேர்ந்தால் மீண்டும் எல்லை கடக்கும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால், தாமான் அபாட்டிலுள்ள ஹாலிடே பிளாசா போன்ற உள்ளூர் வளாகத்தில் நேரில் சோதித்து வாங்குவது பல வேளைகளில் மேலாக அமைகிறது.

ரசீதின் மதிப்பு

உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் விதிகளின்படி, வணிகத்துக்காக வாங்கும் 2,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத ஒவ்வொரு சிறு மதிப்புச் சொத்துக்கும் அதே ஆண்டில் முழு மூலதனக் கழிவைக் கோரலாம். அதற்கு மேற்பட்டவற்றின் கழிவு பல ஆண்டுகளுக்குப் பகிரப்படும். நல்ல நிலையிலுள்ள புதுப்பிக்கப்பட்ட கணினி பெரும்பாலும் இவ்வரம்புக்குள் அடங்குவதால், சிறு வணிகருக்கு அதன் ஆதாயம் விலைச்சீட்டில் தெரிவதைவிட மிகுதியாகிறது. வாழ்க்கைமுறை வரிவிலக்கின்கீழ் 2,500 ரிங்கிட் வரை கோரும் சலுகை சொந்தப் பயன்பாட்டுக் கணினிக்கே உரியது என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. எதைக் கோருவதாயினும் வாங்கியவர் பெயர், கணினியின் வரிசை எண், உத்தரவாதக் காலம் ஆகியவை பொறித்த ரசீது வேண்டும்.

1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பயன்படுத்திய பொருள்களை வணிகமாக விற்போர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. வணிகர் ஏமாற்றினால், பயனீட்டாளர் என்ற வரையறைக்குள் வருபவர் 5 ரிங்கிட் கட்டணத்தில் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். ரசீதின்றி முகம் தெரியாத தனிநபரிடம் ரொக்கத்துக்கு வாங்கியவருக்கு இந்தக் கதவுகள் திறப்பது அரிது.

எனவே பேரம் பேசும்போது இன்னும் ஐம்பது ரிங்கிட்டைக் குறைக்கச் சொல்வதைவிட, ஒரு மாத உத்தரவாதத்தை ஆறு மாதமாக நீட்டிக்கவும், தேய்ந்த பேட்டரியை மாற்றித் தரவும், வரிசை எண்ணை ரசீதில் எழுதவும் கேட்பதே வணிகருக்கு நன்மை தரும். தம் பொருளில் நம்பிக்கை உள்ள விற்பனையாளர் இவற்றுக்குத் தயங்கமாட்டார். தயங்குபவரிடமிருந்து, விலை எவ்வளவு இறங்கினாலும், விலகிக்கொள்வதே முறை.