40 வயதில் முதல் வலிப்பா? சாவிக்கொத்தைத் தேடாதீங்க, ஸ்கேன் எடுங்க!

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தன் முறை வரும் நாளை யாரும் விட மாட்டார்கள். அப்படியொரு நாளில், எந்த நோயும் இல்லாத 40 வயதுக்காரருக்குப் படகிலேயே வலிப்பு வந்தால்? நினைவு தப்பியவருக்கு முட்டியளவுத் தண்ணீரும் ஆபத்துதான்.

கரையில் வந்தால் என்ன செய்வோம்? இரும்புச் சாவியைக் கையில் திணிப்போம். இரண்டு நிமிடத்தில் வலிப்பு அடங்கும். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் தானாகவே அடங்குபவை. பெயர் வாங்கிக்கொள்வது மட்டும் சாவி! (காக்கா வலிப்பில் காக்காவும் இல்லை. 'கால் கை வலிப்பு'தான் அப்படித் திரிந்தது என்பார்கள்.)

பெரியவர்களுக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால் காரணம் தேட வேண்டும். மூளையில் நாடாப்புழுக் கட்டி, காசநோய்க் கட்டி, பக்கவாதம், சர்க்கரை குறைவது எனப் பல காரணங்கள் உண்டு. மூளைக் கட்டி அவற்றில் ஒன்று. சிலருக்கு உடம்பு முழுக்க வெட்டாது. ஒரு கை மட்டும் துடிக்கும், பேச்சு சட்டென நிற்கும், இல்லாத வாசனை வரும்.

"கட்டியோடு வலிப்பும் வந்துவிட்டதே, இனி அவ்வளவுதானா?" என்றுதான் வீட்டில் கலங்குவார்கள். விஷயம் பெரும்பாலும் நேர்மாறானது. மெதுவாக வளரும் கிளியோமா கட்டிகளில் 10 பேரில் 6 முதல் 8 பேருக்கு வலிப்பு வருகிறது. வேகமாக வளரும் கிளியோபிளாஸ்டோமாவில் 3 முதல் 5 பேருக்குத்தான். வலிப்பால் கட்டி தெரியவந்தவர்கள், மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வலிப்பு நல்லது என்று அர்த்தமில்லை. கட்டி சிறிதாக இருக்கும்போதே அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. சாவியை நம்பி வீட்டிலேயே இருந்தால் அந்த லாபம் போச்சு.

கனடாவின் புகழ்பெற்ற மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டின் அக்கா ரூத்துக்கு இளவயதிலிருந்தே வலிப்பு. மூளைக் கட்டிதான் காரணம் என்று தெரிந்தது 1928-ல், அவருடைய 40-களில். தம்பியே அறுவை சிகிச்சை செய்தார். வீடு திரும்பிய ரூத், கட்டி மீண்டும் வளர்ந்ததால் 1931-ல் இறந்தார். அன்று சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எதுவும் கிடையாது.

அந்த பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார். இன்று பழவேற்காட்டிலிருந்து அங்கே போக இரண்டு மணி நேரம் போதும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தண்ணீரில் வந்தாலோ உடனே 108.

கட்டியை எவ்வளவு முழுமையாக அகற்ற முடிகிறதோ, வலிப்பு அடங்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடும். ஆனால், 'வலிப்புதான் வரவில்லையே' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அடங்கியிருந்த வலிப்பு திரும்பினால் மாத்திரை தவறியதா, காய்ச்சலா என்று பார்ப்பார்கள். கட்டி மறுபடி வளர்கிறதா என்று ஸ்கேனும் எடுப்பார்கள்.

மறுபடி ஏரிக்குப் போகலாமா? அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை அவருடைய பாட்டுக்கு வீட்டில் வேறு யாராவது போகட்டும். அவர் கரையில் வலை பின்னலாம்.